களத்தில் விரித்த கூரைப்புடவை

கொரோனா அடங்கி ஏற்காடு ஏரியில் மறுபடியும் படகு விட்டார்களே, அந்த வருடம் அது. படகுக்கெல்லாம் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். படகை ஏன் சொல்கிறேன் என்றால், என் பேத்திக்குத் தண்ணீரில் போகப் பயம். ஆகாயத்தில் போகப் பயமில்லை.

மகள் வயிற்றுப் பேத்தி. மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்ததால், கிளியூரில் என்னோடு இருந்து படித்தாள். பள்ளிக்கூடத்தில் விமானப் பயிற்சிப் படை ஒன்று இருந்தது. கட்டாயமில்லை, ஆசைப்பட்ட பிள்ளைகள் சேரலாம். சனிக்கிழமை அணிவகுப்பு, அட்டையில் விமானம் செய்வது, காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்று பாடம். அந்தப் பாடத்தை எனக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். நான் முறத்தை எடுத்துப் புடைத்து, இதுதானே என்றேன். இல்லையென்று சிரித்தாள்.

பத்தாம் வகுப்போடு படை முடிந்துவிடும். அதற்குமுன் ஒரே ஒரு தடவை சமவெளியில் சின்ன விமானத்தில் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். அது மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்குமாம். மேலிருந்து நம் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அவள் கவலை. காப்பி காயவைக்கும் களத்தில் வெள்ளை வேட்டியை விரித்துவைக்கிறேன் என்றேன்.

அது காப்பி பறிக்கும் காலம். விமானத்தில் ஏற்றும் நாளன்று அவள் விடியலில் பஸ் ஏறிப் போனபின் வேட்டியை விரித்தேன். எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, மலை பூராக் களத்துல காப்பிக் கொட்டை வெளுப்பாக் காயுது. அதுக்கு நடுவால உங்க வேட்டி எப்பிடித் தெரியும்? அதுவும் அது வெள்ளையாவா இருக்குது?"

உள்ளே போய்த் தன் கல்யாணத்துச் சிவப்புக் கூரைப்புடவையைக் கொண்டுவந்தாள். நாலு மூலையிலும் கல் வைத்தோம். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார். வெயில் ஏறியபோது கரடியூர்ப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தும்பி அளவுக்கு விமானம். எங்கள் தலைக்கு மேலே வளைந்து திரும்பியது. எல்லோரும் துண்டை ஆட்டினோம். அது மறைந்த பிறகும் எனக்குக் கை இறங்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியவளை எல்லோரும் மறித்துக்கொண்டு, புடவை தெரிந்ததா என்றார்கள்.

"தெரிஞ்சுதுங்க. செவப்பா நொம்ப நல்லாத் தெரிஞ்சுதுங்க."

புடவைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் பேத்தி சொன்னாள்.

"அப்புச்சி, நான் ஏறவே இல்லைங்க."

மலை பஸ் போய்ச் சேர்வதற்குள் கீழே இருக்கிற பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்களாம். இவள் கடைசி. இவள் முறை வருவதற்குள் காற்று மாறி, இன்றைக்குப் போதும் என்று விமானத்தைக் கொட்டகையில் விட்டுவிட்டார்கள். நாங்கள் துண்டு ஆட்டியது யார் பிள்ளைக்கோ.

"அடுத்த தடவை ஏத்துவாங்கல்ல, சாமி?" என்றேன்.

அவள் படையின் நீல உடுப்பை மடித்து வைத்தாள்.

படையை நடத்திய வாத்தியாரும் மாற்றலாகிப் போனார். வேறு யாரும் எடுத்து நடத்தவில்லை. இப்போது பேத்தி சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி, தன் புடவை ஆகாயம்வரைக்கும் தெரிந்ததென்று வருகிறவர்களிடமெல்லாம் இன்னமும் சொல்கிறாள். அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

விமானம் ஓட்டுகிற ஐயாமார் யாரையாவது தெரிந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், மலையிலிருந்து வருகிற பிள்ளையை முதலில் ஏற்றச் சொல்லி. கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.