ஜெயரூபியின் வன்மம்

ஜெயரூபியை நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் சல்லிக் கிராமத்தில் அவளைப் போல வன்மம் வைக்கத் தெரிந்தவள் வேறு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா?

அவளுடைய புருஷன் யோகலிங்கம் கரைவலை இழுக்கிறவர். போன வருஷம் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் விட்டது, மூட்டு நோவும் களைப்பும் விடவில்லை. கயிற்றைத் தொட்டாலே மணிக்கட்டு தெறிக்கும். ஆள் பார்வைக்கு முழுசாக இருந்தார், அதுதான் வினை. கை முறிந்திருந்தால் ஊர் நம்பியிருக்கும்.

கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவது வழக்கம். ஒருவன் அடி எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் அந்தத் தாளத்துக்கு இழுப்பார்கள். பிந்தி வந்தவன், குடித்துவிட்டு வந்தவன் எல்லாரையும் பாட்டில் வைத்துக் கேலி செய்வார்கள், அன்றைக்கே மறந்தும் போவார்கள். அடி எடுக்கிறவன் கஜீபன், யோகலிங்கத்துக்கு மச்சான் முறை. அவன் ஒருநாள், “வலையைக் கண்டால் வருத்தமாம், சட்டியைக் கண்டால் சுகமாம்” என்று யோகலிங்கத்தின் பெயரைச் சேர்த்துப் பாடினான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததால் தினமும் பாடினான். கடற்கரையிலிருந்து எங்கள் குசினி அடுப்புவரை அது கேட்கும்.

யோகலிங்கம் யன்னலைச் சாத்தினார். பிறகு கதைப்பதை விட்டார், சாப்பாட்டை விட்டார். ஒரு மத்தியானம், தான் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாரம் குறையும் என்றார். ஜெயரூபி அழவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனாள். இப்படிக் காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு இழுபடுவதும் மனசு விழுவதும் நடக்கிறதுதான், இது சோம்பலும் இல்லை நடிப்பும் இல்லை என்று அங்கே கவுன்சிலிங் செய்கிற பரீதா மிஸ் சொன்னார். அதைக் கேட்டு அந்த மனுஷன் விம்மி அழுதார். மருந்தும் கதையும் தொடர்ந்தன. களைக்க முன்பே இருந்து ஆறப் பழகினார். மெல்ல மெல்லச் சோறு இறங்கியது.

ஜெயரூபிக்கு அது போதவில்லை. கஜீபனுக்கும் அதே வருத்தம் வரவேண்டும் என்று காளி கோயிலில் நேர்த்தி வைத்தாள். பொய் சொல்லுவானேன், நானும் கூடப் போய்க் கற்பூரம் கொளுத்தினேன்.

மாரி மழைக்குப் பிறகு கஜீபன் படுக்கையில் விழுந்தான். அவனுக்கும் அதே காய்ச்சல் போய் மூட்டு நோவு தங்கிவிட்டது. எங்களுக்கு வயிறு குளிர்ந்தது. அடி எடுக்க வந்த வேறொருவன், அவனுடைய பெயரை வைத்தே அந்தப் பாட்டைப் பாடினான். ஜெயரூபி வேலிப் படலையில் நின்று கேட்டு ரசித்தாள்.

பிறகொரு நாள் கஜீபனின் மனைவி கீர்த்தனி ஜெயரூபியிடம் ஓடிவந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்கிறார், தனியே விடப் பயமாக இருக்கிறது என்றாள். இதற்குத்தானே ஜெயரூபி காத்திருந்தாள்? வேடிக்கை பார்க்க நானும் அவளுக்குப் பின்னால் கஜீபன் வீட்டுக்குப் போனேன்.

கஜீபன் திரும்பாமலே, “அக்கா, ஏசிப்போட்டுப் போங்கோ. நான் இனி இருந்து என்ன?” என்றான்.

ஜெயரூபி கதிரையை இழுத்து அவனுடைய தலைமாட்டில் போட்டு இருந்தாள்.

“சாகிற யோசனை வருதோ?” என்று நேரே கேட்டாள்.

“ஓம்.”

“அது ஏலாது. நான் உன்னோட இன்னும் கோவிச்சு முடிக்கேல்லை. நீ செத்துப்போனா நான் ஆரைப் போய் ஏசுறது? எழும்பு, பரீதா மிஸ்ஸிட்ட போவம். மன்னிச்சுப்போட்டன் எண்டு மட்டும் நினையாதை.”

அவன் வாய்விட்டு அழுதான். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கீர்த்தனி ஓட்டோ பிடிக்க ஓடினாள். கஜீபன் எழும்பிச் சட்டையை மாட்டினான். பொத்தான் பூட்ட விரல்கள் மடங்கவில்லை. அவனுடைய பரம்பரையையே இழுத்து ஏசிக்கொண்டு, ஜெயரூபி ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டாள்.