பதினேழாம் நம்பர் குப்பி

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கிற வேலையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லாரும் கடலை நம்பிப் பிழைத்தவர்கள். முத்துக் குளிப்பு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. சங்குக் குளிப்பு மட்டும் நடந்துகொண்டிருந்தது. என் அண்ணன் சங்கு குளிக்கப் போகிறவன்.

சங்கு குளிப்பவர்களுக்குக் காது பெரிய தொல்லை. ஆழத்தின் அழுத்தத்தில் செவிப்பறை கிழியும். கிழிசல் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போகும். பிறகு வாரக்கணக்கில் சீழ் வடியும். எங்களிடம் பழைய சொட்டு மருந்து ஒன்று இருந்தது. சிலருக்குக் குணமாகும், சிலருக்கு இழுத்துக்கொண்டே போகும்.

அந்த வருஷம் புதிதாக ஒரு சொட்டு மருந்து வந்தது. அது பழையதைவிட நன்றாக வேலை செய்கிறதா, கெடுதல் ஏதும் செய்கிறதா என்று பார்க்கச் சில ஆஸ்பத்திரிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்களுடையதும் ஒன்று. காது டாக்டர் வெளியூர்க்காரர், ஒல்லியானவர், அதிகம் பேசமாட்டார். அவர் குளிப்பவர்களைக் கூட்டி உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்பதைச் சென்னையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருக்கிறார்கள். அது வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியாது, காதைப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆசை கண்ணை மறைத்துவிடும் என்றார்.

முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஒங்களுக்கே எது நல்லதுன்னு தெரியாதுன்னா, எங்க காதுல ஏன் ஊத்துதீய?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "தெரியாததாலதான் உங்ககிட்டக் கேட்டுட்டு ஊத்தறோம். வேண்டாம்னா பழைய மருந்தே தர்றேன். வைத்தியத்துல ஒரு குறையும் வராது. நடுவுல நிறுத்திக்கணும்னாலும் நிறுத்திக்கலாம்."

சிலர் எழுந்து போனார்கள். பலர் இருந்தார்கள். என் அண்ணனும் இருந்தான். அவனுக்குக் கிடைத்தது பதினேழாம் நம்பர்.

எந்த நம்பருக்கு எந்த மருந்து என்ற பட்டியல் ஆஸ்பத்திரியிலேயே என் ஒருத்தியிடம்தான் இருந்தது. இரண்டு மருந்தும் ஒரே நிறம். பெரிய ஜாடியிலிருந்து சின்னக் குப்பிகளில் ஊற்றி, நம்பர் ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டுவது என் வேலை. பதினேழுக்கு எதிரே பழைய மருந்து என்று இருந்தது. அதைப் பார்த்தபோது சப்பென்று ஆகிவிட்டது. அண்ணன் சேர்ந்திருக்கிறான் என்று அப்போதே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வாரம் போனது. அண்ணனுக்குச் சீழ் குறைந்தது, நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பத்தே நாளில் காது காய்ந்துவிட்டது. அவனுக்குப் புது மருந்துதான் என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் மைனி, அண்ணன் மனைவி, கூட்டம் கலைந்த பிறகு மருந்து ஜன்னலுக்கு வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "ஏளா, நீதான ஊத்திக் குடுக்க. ஒங்கண்ணனுக்கு அந்தப் புதுசக் குடுத்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போவுது? குளிப்பு தொடங்க ரெண்டு மாசம்கூட இல்ல. காதுல சீழோட தண்ணிக்குள்ள எறக்க மாட்டாவ." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரியாது மைனி, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று பொய் சொல்லி அனுப்பினேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் மதியம் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். பதினேழாம் குப்பியை நிரப்ப வேண்டிய நாள். புது மருந்து ஜாடியைத் திறந்து அதிலிருந்து ஊற்றினேன். மூடியை இறுக்கினேன். நம்பரும் ஒட்டிவிட்டேன். நியாயமான காரியம் செய்வது போலத்தான் இருந்தது.

அலமாரியில் வைக்கப் போனபோது டாக்டரின் நோட்டு மேஜைமேல் திறந்தபடி கிடந்தது. ஒவ்வொரு காதையும் விளக்கு வைத்துப் பார்த்து, சீழ் எவ்வளவு, கிழிசல் எவ்வளவு என்று பொடிப்பொடியாக எழுதியிருந்தார். அடுத்த வாரம் பதினேழுக்கு எதிரே "காய்ந்தது" என்று எழுதுவார். அது பழைய மருந்தின் கணக்கில் சேரும். அவர் எழுதுகிற அந்த ஒரு வரி பொய்யாகிவிடும், அது பொய் என்று அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதுதான் என்னைத் தடுத்தது. அண்ணனுக்கு அது கெடுதல் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குப்பியைத் தொட்டியில் கவிழ்த்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்து, பழைய மருந்தை ஊற்றினேன்.

சாயங்காலம் டாக்டரிடம், பதினேழு என் அண்ணன் என்றும், அவன் குப்பியில் மருந்தை மாற்றி ஊற்றிப் பிறகு கவிழ்த்துவிட்டேன் என்றும் சொன்னேன். "அவனுக்கு வந்திருக்கிறது..." என்று நான் ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார்.

"எதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வேறு எந்தக் குப்பியிலாவது கை வைத்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். "நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும். நானும் கேட்டிருக்கணும்" என்றார். பட்டியலையும் அலமாரிச் சாவியையும் தலைமைக் கன்னியாஸ்திரியிடம் ஒப்படைக்கச் சொன்னார். நடந்ததை எழுதிச் சென்னைக்கும் அனுப்பினார். வேலை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை.

புறப்படும்போது மனசு கேட்காமல், நல்ல மருந்து கிடைக்காமல் யாருக்காவது காது போனால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நல்லதுன்னு நமக்குத் தெரிஞ்சிருந்தா இந்த வேலையே வேண்டாமேம்மா" என்றார்.

மைனி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கோயிலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

டாக்டருக்கு ஒரு வழக்கம். சீழ் நின்றவர்களையும் விடாமல் வரச்சொல்லி, எல்லாரிடமும் அதே கேள்விகளைக் கேட்பார்: தலை சுற்றுகிறதா, அரிப்பு உண்டா, காதில் சத்தம் கேட்கிறதா? பிறகு காது கேட்கிறதா என்று பார்க்க, ரீங்காரமிடும் இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடிப்பார். ஐந்தாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரன், காதுக்குள் வண்டு இரைகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னான். அதே வாரம் இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். காயல் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவருக்கு வலது காதில் கவையின் சத்தமே கேட்கவில்லை.

டாக்டர் அன்றே சென்னைக்கு டிரங்க் கால் போட்டார். மருந்து கொடுப்பதில் சம்பந்தப்படாத சிலரை அங்கே இதற்கென்றே வைத்திருந்தார்கள். அவர்கள்தான் பட்டியலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாலாம் நாள் தந்தி வந்தது: உடனே நிறுத்தவும். எல்லாக் குப்பிகளையும் திரும்ப வாங்கி, சீழ் நிற்காதவர்களுக்குப் பழைய மருந்தே கொடுக்கும்படி கன்னியாஸ்திரி என்னிடம் சொன்னார். இரைச்சல் கேட்டவர்களின் நம்பர்களை டாக்டர் வாசித்தார். பட்டியல் என் கையில் இல்லாவிட்டாலும் மனசில் இருந்தது. ஒவ்வொன்றும் புது மருந்து. கிழிந்த செவிப்பறை வழியாக அது உள்காதுக்குள் போய் வேலையைக் காட்டியிருக்கிறது.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பதினேழு அதில் இல்லை. அந்த நிம்மதியை என்னால் மறைக்க முடியவில்லை. மறைக்க நினைத்தபோது அழுகை வந்தது. காயல்காரரின் குப்பியையும் நான்தானே நிரப்பியிருந்தேன்.

மருந்தை நிறுத்திய பிறகு மற்றவர்களுக்கு இரைச்சல் மெல்ல அடங்கியது. காயல்காரருக்கு வலது காது பாதிதான் திரும்பியது. டாக்டர் அவரை மாதாமாதம் வரவழைத்துப் பார்த்தார், சென்னைக்கும் கூட்டிப்போய்க் காட்டினார். அந்த மருந்து கடைக்கு வரவில்லை. நேராகக் கடைக்கு வந்திருந்தால், இந்தக் கடற்கரை முழுக்க எத்தனை காதுகளில் விழுந்திருக்குமோ என்று டாக்டர் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அண்ணனுக்கு ஏழாவது வாரம் சீழ் நின்றது. பழைய மருந்தும், தண்ணீருக்குள் இறங்காமல் கிடந்ததும் போதுமாக இருந்தன. டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்து, கிழிசல் மூடிவிட்டது, இந்தக் குளிப்புக்குப் போகலாம் என்றார். வெளியே வந்ததும் அண்ணனிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், குப்பியில் ஊற்றியதையும் கவிழ்த்ததையும் சேர்த்து. அவன் சுண்டுவிரலைக் காதில் விட்டு ஆட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "ஒன் மைனிகிட்ட நீ சொல்லாண்டாம். நான் சொல்லிக்கிடுதேன்" என்றான்.

மறுநாள் மதியம் மைனி ஜன்னலுக்கு வந்தாள். கையில் தூக்குச்சட்டி. வெளியே வெயில் கொளுத்தியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்; அவள் சட்டியை உள்ளே தள்ளினாள்.

"பாறை மீன் கொழம்பு. ஆறுததுக்குள்ள தின்னுரு" என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிற வரை அங்கேயே நின்றாள்.