எங்கை போறியள், ரீச்சர்?

பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாத லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். நித்திரை இல்லை, பசி இல்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற எனக்கு, கிணற்றடிக்குத் தனியே போகப் பயம். எட்டிப் பார்த்தால் உள்ளே போய்விடுவேன் போலிருந்தது. கணவரிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உளவளத்துணையாளரிடம்தான் முதலில் வாய் திறந்தேன்.

அவருக்கு என் வயதில் பாதி இருக்கும். கிழமைக்கு ஒருக்கால் வந்து கதைக்கச் சொன்னார். தினமும் காலையில் அரை மணித்தியாலம் நடக்கவும் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"நடக்கத் தெரியாமலோ பிள்ளை நான் இஞ்சை வந்தனான்?"

"தெரியும் ரீச்சர். ஆனா நடக்கிறேல்லையே."

அடுத்த நாள் காலையில் நடக்க வெளிக்கிட்டேன்.

சண்டிலிப்பாயில் ஒரு பொம்பிளை சும்மா நடக்க ஏலுமோ! ஒவ்வொரு வீட்டுப் படலையிலும், "எங்கை போறியள், ரீச்சர்?" முதல் நாள் "கடைக்கு" என்றேன். சொன்ன வாய்க்காகக் கடைக்குப் போய் ஒரு பைக்கற் உப்பு வாங்கினேன். அடுத்த நாளும் உப்பு. ஒன்பதாம் நாள் கணவர் குசினி அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, உப்பளம் போடப்போறீரோ?" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

எல்லாரிலும் பெரிய ஆக்கினை, ஒழுங்கை திரும்புகிற முடக்கில் புகையிலைத் தோட்டம் செய்கிற அக்காதான். பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிறவர், அதை அப்படியே விட்டுவிட்டு வேலிக்கு வந்து கேட்பார். போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம்.

ஒருநாள் கண் மூடாமலே விடிந்தது. பையும் எடுக்காமல் வெளிக்கிட்டேன். அக்கா கேட்டார். வெடித்துவிட்டேன்.

"ஒரு இடமும் போகேல்லை! எனக்கு மனசு சரியில்லை. கிணத்தைப் பாக்கப் பயமாக் கிடக்கு. ஆஸ்பத்திரியிலை நடக்கச் சொல்லியிருக்கினம், நடக்கிறன். போதுமே?"

அக்கா மண்வெட்டியைச் சாத்திவிட்டுப் போய் மோட்டரை நிறுத்தினார். தண்ணீர் பாதிப் பாத்தியில் நிற்க மோட்டரை நிறுத்துகிற தோட்டக்காரரை நான் கண்டதில்லை.

"நானும் அந்த ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத்தான் போறனான், ரீச்சர்," என்றார். "என்ரை மனுசன் செத்தாப் பிறகு, ஒருநாள் விடிய இந்த ஒழுங்கையாலை போனனான். திரும்பி வாற எண்ணம் இல்லை. முன்வீட்டு மாமி வாசல் முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டவ. 'எங்கையடி போறாய்?' எண்டு கேட்டவ. சொல்ல எனக்கு ஒரு இடமில்லை. அவவுக்கு முன்னாலை குந்தியிருந்து அழுதன். அந்த நாளிலையிருந்து, இதாலை தனியப் போற ஒருத்தரையும் நான் கேக்காமல் விடுறேல்லை."

இருபது வருடம் படிப்பித்தவள் நான். வம்புக்கு விடுப்புக் கேட்கிறார்கள் என்று மனதுக்குள் எத்தனை தரம் திட்டியிருப்பேன்! அந்தக் கேள்வி ஒரு உயிரைத் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தியிருக்கிறது, கடவுளே. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாளும் கேட்டார்.

"எங்கை போறியள், ரீச்சர்?"

"நடந்துபோட்டு வாறன்."

"வருவியள்தானே?"

"ஓம், வாறன்."

அரை மணித்தியாலத்தில் திரும்பினேன். அக்கா அதே வேலியடியில் நான் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்தி நிரம்பி, தண்ணீர் அவருடைய காலைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்துவிட்டிருந்தது.