நெதெல்கா ரீச்சரின் விருப்பம்

சுவிசில் ஒருவர் செத்தால், அடக்கத்துக்கு முன் போதகர் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார். குடும்பத்தார் எழுதிக் கொடுப்பதை அப்படியே வாசிப்பதுதான் வழக்கம். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற துணிவில் சிலர் எழுதுவார்கள். நெதெல்கா ரீச்சரின் மகன் லியூபன் எழுதியதும் அந்த ரகம்தான்.

பூம்ப்ளிஸ் மயானத்துச் சிற்றாலயத்தில், தாய் இந்திராவுக்குப் பக்கத்தில் இருந்து பிரசாந்தினி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிறுமியாக இருந்த காலம் தொட்டுப் பள்ளிப் படிப்பு முடியும்வரை ரீச்சரிடம் பியானோ படித்தவள் அவள். இப்போது பேர்ணில் மருந்தாளர்.

"நெதெல்கா ஸ்டோயனோவா பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் இசை ஆசிரியையாக இருந்தார். கணவருடன் சுவிஸ் வந்து, இங்கும் மகிழ்ச்சியுடன் தன் பணியைத் தொடர்ந்தார்" என்று போதகர் வாசித்தார்.

மகிழ்ச்சியுடனாம். ப்ளோவ்டிவில் இசைப் பள்ளியே தலையில் வைத்துக் கொண்டாடிய ஆசிரியைக்கு இங்கே கிடைத்தது ஒரு ஹோட்டலின் சலவை அறை. அங்கத்தைய பட்டம் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பகலெல்லாம் ஆவிக்குள் நின்று படுக்கை விரிப்பு மடித்துவிட்டு, பின்னேரம் தன் வீட்டு இருப்பறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். லிப்ட் இல்லாத கட்டடம், மூன்றாம் மாடி. தோள் கொடுத்து ரீச்சரின் பியானோவை மேலே ஏற்றிய கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அப்போது ரீச்சர் கோதுமையை அவித்து, மேலே சீனி தூவி, அயல் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தார். செத்தவருக்காக அதைச் செய்வது அவர்களுடைய முறை. ரீச்சருக்காகக் கோதுமை அவிக்க லியூபனுக்கு நினைவும் வரவில்லை, நேரமும் இருக்கவில்லை.

"பல நாட்டுப் பிள்ளைகள் அவரிடம் இசை பயின்றனர்."

அதுமட்டும் உண்மை. தமிழ்ப் பிள்ளைகள், கொசோவோப் பிள்ளைகள், போர்த்துக்கேயப் பிள்ளைகள் என்று அந்தப் படியில் ஏறாத சாதி இல்லை. ரீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். விரல் சோம்பினால் பென்சிலால் மணிக்கட்டில் தட்டுவார். தங்கள் ஊர் ஆட்டத்தின் ஏழு எண்ணிக்கைத் தாளத்தை அவர் முதல்முறை தட்டிக் காட்டியபோது, நடன வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்த சிறுமி பிரசாந்தினி, "இது எங்களிட்டையும் இருக்கு" என்று 'தகிட தகதிமி' தட்டிக் காட்டினாள். ரீச்சர் கேட்டார், திரும்பத் தட்டச் சொன்னார், பிறகு, "உங்களுடையது முன்னால் நொண்டுகிறது, எங்களுடையது பின்னால் நொண்டுகிறது" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து பிரசாந்தினிக்கு ரீச்சர் என்றால் உயிர்.

போதகர் தாளைத் திருப்பினார். "நோயுற்ற பின், தன் சொந்த விருப்பத்தின் பேரில் முதியோர் இல்லத்துக்குச் சென்று, இறுதிக் காலத்தை அமைதியாகக் கழித்தார்."

பிரசாந்தினி எழும்பப் பார்த்தாள். இந்திரா மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பிள்ளை, பேசாமல் இரு. செத்தவீட்டிலை கதை வளர்க்காதை. நாங்கள் பிறத்தி ஆக்கள்."

"அம்மா, இது பச்சைப் பொய்."

"பொய்தான். எனக்கும் தெரியும். இனி அதைச் சொல்லி ஆருக்கு என்ன?"

நடந்தது இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் ரீச்சருக்குப் பாரிசவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியில் கூட்டம் வைத்து, "வீட்டுக்குத் திரும்பிப் போக விருப்பமா?" என்று கேட்டார்கள். ரீச்சர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். திரும்பவும் கேட்டார்கள். இன்னும் வேகமாக ஆட்டினார். விருப்பமில்லை என்று பதிந்துவிட்டார்கள்.

பல்கேரியாக்காரருக்கு அப்படி ஆட்டினால் ஓம் என்று அர்த்தம். இல்லை என்பதற்குத்தான் அவர்கள் தலையை மேலும் கீழும் அசைப்பார்கள். நாம் சரி என்று தலையைச் சாய்ப்பதைப் பார்த்து வெள்ளைக்காரர் குழம்புகிறார்களே, அதைவிடப் பெரிய குழப்பம் இது. ரீச்சர் வெளியாட்களோடும், பல்கேரியப் பழக்கம் தெரியாத பேத்தியோடும் சுவிஸ் முறையில் தலையாட்டப் பழகியிருந்தார். பியானோ மாணவர்களோடு மட்டும் தன் ஊர் முறைதான்; பிரசாந்தினி அதைப் பார்த்தே வளர்ந்தவள். நோய் வந்து பேச்சோடு புதுப் பழக்கத்தையும் கொண்டுபோய்விட, எஞ்சியது பிறந்த ஊரின் தலையாட்டல் மட்டும்.

கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லியூபனும் அங்கேதான் இருந்தான். அந்தத் தாயின் தலையாட்டலைப் பார்த்துப் பால் குடித்து வளர்ந்தவன்.

இல்லத்துக்கு அனுப்பப்போகிற செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போன பிரசாந்தினி, "தேத்தண்ணி வேணுமா ரீச்சர்?" என்று கேட்டாள். இடமும் வலமும் ஆட்டினார். கோப்பையைக் கொடுத்தாள், முழுவதையும் குடித்தார். "வீட்டுக்குப் போகவேணுமா?" என்றாள். ரீச்சர் கண்ணீர் வடிய ஆட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கே அவள் லியூபனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா இஞ்சை வந்து முப்பது வருசத்துக்கு மேலை. இஞ்சத்தை மாதிரித்தான் ஆட்டியிருப்பா" என்று அவன் பேர்ண் ஜெர்மனில் சொன்னான். சற்றுப் பொறுத்து, "எப்பிடியும் மூண்டாம் மாடி ஏற ஏலாதுதானே" என்றான்.

அதுவும் உண்மைதான். ஏற முடியாது என்று சொல்லி, அழுகிற தாய்க்கு முன்னால் அவனே அந்த முடிவை எடுத்திருக்கலாம். அதற்கு நெஞ்சுரம் இல்லாமல் தாயின் தலையிலேயே கட்டிவிட்டான். அதற்குள் வீட்டைக் காலி செய்வதாக அவன் அறிவித்துவிட்டான். பழைய பியானோவை இந்த நாட்டில் இனாமாகக்கூட ஒருவரும் கொண்டுபோக மாட்டார்கள்; அதைக் குப்பை வாகனத்தில் ஏற்றி அனுப்பினான். பிரசாந்தினி இல்லத்துத் தாதியரிடம் தலையாட்டலை விளங்கப்படுத்தினாள். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் வேறு தாதியர் இருந்தார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் பக்கத்து உணவகத்துக்குப் போனார்கள். குளிர்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் மேசையில் இருந்தன. பிரசாந்தினி கோப்பியைத் தொடவில்லை. லியூபனுடைய மகள் எலின் அவள் முன்னால் வந்து இருந்தாள். பதினான்கு வயது, பாட்டியின் நீண்ட விரல்கள்.

"நீங்கள் புதன்கிழமையளிலை அப்பம்மாவைப் பார்க்கப் போறனீங்கள் எண்டு அப்பா சொன்னவர்" என்று அவள் பேர்ண் ஜெர்மனில் தொடங்கினாள். "உங்களோடை அவ கோபமாய் இருந்தவவோ?"

"இல்லையே. ஏன்?"

"என்னோடை கோபம். நான் ஞாயிறுகளிலை போய், அங்கத்தைச் சாப்பாட்டு மண்டபத்துப் பியானோவிலை வாசிச்சுக் காட்டினனான். பிடிச்சுதோ எண்டு கேட்டன். இல்லையெண்டு ஆட்டினா. அடுத்த ஞாயிறும் வரட்டோ எண்டு கேட்டன். அழுது அழுது இல்லையெண்டு ஆட்டினா. அதோடை நான் போகேல்லை. பியானோவையும் விட்டிட்டன்."

மேசைக்குக் கீழே இந்திரா மறுபடியும் மகளின் கையைப் பிடித்தாள். எலினுக்குப் பின்னால், கோப்பைகளைப் பரிமாறிக்கொண்டு நின்ற லியூபன் அப்படியே நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தபோது, இது அவனுக்கும் புதுச் செய்தி என்று பிரசாந்தினிக்கு விளங்கியது. அவள் சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை சாகுமட்டும், பாட்டிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும். சொன்னால் தகப்பன் தலை நிமிர முடியாது.

தாயின் கையை விலக்கிவிட்டு அவள் சொன்னாள். பல்கேரியத் தலையாட்டலைச் சொன்னாள், தேத்தண்ணியைச் சொன்னாள். "உங்களைப் பிடிச்சிருக்கு எண்டுதான் சொன்னவ. வா எண்டுதான் சொன்னவ."

எலின் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உங்களுக்கு இது தெரியுமோ?"

"நீ கைப்பந்துக்குப் போறதாலைதான் வாறேல்லை எண்டு நினைச்சன்."

"அதை நான் கேக்கேல்லை."

லியூபன் கோப்பையை மேசையில் வைத்தான். "தெரியும்" என்றான்.

"அப்ப வீட்டுக்குப் போகவேணும் எண்டும் சொல்லியிருக்கிறா."

எலின் பிரசாந்தினியைப் பார்த்தாள். "நான் போகாமல் விட்ட பிறகு, அப்பம்மா நான் வருவன் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தவவோ?"

பிரசாந்தினி புதன்கிழமைகளில் மட்டும் போனவள். அவளுக்குத் தெரியாது. லியூபனுக்குத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம் போய் வந்தவன் அவன். அவன் கதிரையை இழுத்து மகளுக்கு முன்னால் இருந்தான். அவனுக்காக ஒரு கணம் பிரசாந்தினிக்கு இரக்கம் வந்தது, அதுவும் அவளுக்குக் கசந்தது.

"நான் போற ஞாயிறுகளிலை எல்லாம் நல்ல சட்டை உடுத்து, லிப்டுக்கு நேரை சக்கர நாற்காலியிலை இருப்பா" என்றான். "எனக்காகப் பார்த்துக்கொண்டு இருக்கிறா எண்டுதான் நான் நினைச்சனான்."