ஏரவாடா ஷீட்டில் இல்லாத வீடுகள்

1. பிளேடு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் ஒரு மலைச்சரிவை அழித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். புனேயில் ஒரு தனியார் சர்வே அலுவலகத்தில் வரைபடம் வரைகிற ட்ராஃப்ட்ஸ்மேன் வேலை. முதலாளி ஜோக்ளேகர் சார் என் கையில் பேனா கொடுக்கவில்லை; சவர பிளேடைப் பாதியாக ஒடித்துக் கொடுத்தார். ட்ரேசிங் ஃபிலிமில் மை பிசகினால் பிளேடால் மெல்லச் சுரண்டி எடுப்போம். அன்று சுரண்டச் சொன்ன இடத்தில் மை பிசகவில்லை. கோந்த்வா பக்கம் ஒரு சரிவைக் காட்டும் கான்டூர் கோடுகள் சரியாகவே இருந்தன.

"சார், அங்க மேடு இருக்கே?" என்று கேட்டேன்.

"பார்ட்டிக்குச் சமதளம் வேணும். மேட்டை புல்டோசர் பாத்துக்கும், நீ கோட்டைப் பாரு," என்றார். அவர் பேசியது மராத்தி கலந்த இந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குள் சமதளம் தயார். புல்டோசருக்கு இரண்டு வருடம் பிடித்தது. எங்கள் அலுவலகம் அவ்வளவு சுறுசுறுப்பு.

2. விதிப்படி

புனே அப்போது தன்னை ஓய்வு பெற்றவர்களின் ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பத்தே வருடத்தில் அங்கே யாராலும் ஓய்வெடுக்க முடியாமல் போனது. விமான் நகரில் நான் சோள வயல் என்று குறித்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஊர் வளர வளர எங்களுக்கு ஷீட் வந்துகொண்டே இருந்தது. அப்படி வந்ததுதான் ஏரவாடா பகுதிக்கான ஷீட். ஊருக்குப் புதிய திட்டம் போடுவதற்கான அடிப்படை வரைபடத்தில் ஒரு துண்டு.

களத்துக்குப் போன ஆட்கள் ஃபீல்டு புக்கில் எல்லாவற்றையும் அளந்து எழுதியிருந்தார்கள். ஒரு சந்து, இருபுறமும் தகரக் கூரை வீடுகள், மாரியம்மன் கோயில், பொதுக் குழாய், நடுவில் ஒரு வேப்பமரம். நான் வரையத் தொடங்கியபோது ஜோக்ளேகர் சார் பின்னால் வந்து நின்றார்.

"தகரத்தையெல்லாம் ஏன் போடறே? நாளைக்கு இல்லாம போறதை இன்னிக்கு எதுக்கு வரையணும்?"

விட்டுவிட்டேன். மரத்தைக் காட்டச் சொல்லி விதி இருந்ததால் வேப்பமரத்தை மட்டும் வரைந்தேன். அதன் நிழலில் குடியிருந்தவர்களுக்கு விதி இல்லை. மூலையில் 'வரைந்தவர்' கட்டத்தில் என் இனிஷியலை அழகாகப் போட்டேன். ஷீட் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்தது.

வெள்ளையைப் பார்த்தால் திட்டம் போடுகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. அடுத்த வருடம் வந்த வரைவுத் திட்டத்தில் அந்தச் சந்தின் குறுக்கே ஒரு அகலச் சாலை படுத்திருந்தது. காலி இடம்தானே, யாருக்கும் தொந்தரவில்லை.

3. பார்ட்டி

ஒருநாள் காலையில் அலுவலகத்துக்கு ஒரு அம்மாள் வந்தார். பெயர் பாக்கியம். ஆற்காடு பக்கத்திலிருந்து அந்த ஏரவாடா சந்துக்குக் கல்யாணமாகி வந்தவர். விமான் நகர் கட்டடங்களில் கான்கிரீட் சுமக்கிற வேலை. இங்கே ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் அந்த ஷீட்டின் பிரின்ட்.

"இதுல எங்க வூடு எது தம்பி?"

"இதுல இல்லக்கா."

"கோயிலு?"

"அதுவும் இல்ல."

"வேப்பமரம் இருக்குதா?"

காட்டினேன். அதன் மேல் விரலை வைத்தார். "எங்க மாமியாரு வச்ச மரம். யாரு வச்சதுன்னு எழுதலையா?"

ஷீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது என்றேன்.

"இத யாரு தம்பி வரைஞ்சது?"

பொய் சொல்லியிருக்கலாம், இனிஷியலை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஏனோ வரவில்லை. "நான்தான்கா."

அவர் திட்டவில்லை. பிரின்ட்டை மடித்துக்கொண்டே, "எழுத்து நல்லாருக்கு," என்றார். அன்று முழுவதும் எனக்குக் கோடு நேராக வரவில்லை.

ஜோக்ளேகர் சாரிடம் திருத்திக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"திருத்தம்னா நாம தப்புப் பண்ணினதா ஆயிடும். இந்த ஆபீஸ்ல தப்பு நடக்கறதில்ல. ரிவிஷன்தான் நடக்கும். அதுக்குப் பார்ட்டி கேக்கணும்."

சாரின் பார்வையில் பார்ட்டி என்றால் காரில் வருகிறவர். பாக்கியம் அக்கா ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார்.

வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபணை கொடுக்க நாள் மீதி இருந்தது. அக்காவின் மகள் மராத்திப் பள்ளியில் படித்தவள். மனுவை அவள் எழுதினாள். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். சந்துக்காரர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். வீடு வீடாக அளந்து, என் வீட்டிலேயே புதிய ஷீட் வரைந்து, அதிலும் இனிஷியல் போட்டு மனுவோடு இணைத்தேன். வேலை போய்விடக்கூடிய காரியம். அப்பா ரிட்டயராகியிருந்தார், தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

4. இரண்டு இனிஷியல்

மனு மீதான ஹியரிங் அன்று சந்தே திரண்டு வந்திருந்தது. எங்கள் அலுவலகத்தின் சார்பில் ஜோக்ளேகர் சார் முன்வரிசையில் இருந்தார். திட்ட அதிகாரி இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே இனிஷியல் இருக்கே. யார் இது?"

எழுந்து நின்றேன்.

"எது சரி?"

"ரெண்டாவது, சார்."

"அப்ப முதல்ல இருக்கிறது?"

"அதையும் நான்தான் வரைஞ்சேன், சார். வீடு இருக்குன்னு தெரிஞ்சே விட்டேன்."

அதிகாரி ஜோக்ளேகர் சாரைப் பார்த்தார். அவர் சிறிதும் அசரவில்லை. "ட்ராஃப்ட்ஸ்மேனோட கவனக்குறைவு," என்றார்.

இடத்தை மறுபடி அளக்க உத்தரவானது. அந்த வேலையும் எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. சந்து தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்பதால் சாரால் என்னை வெளியே அனுப்ப முடியவில்லை. அளவு வேலை இல்லாத நாட்களில் பிரின்ட் எடுக்கிற அம்மோனியா அறையில் போட்டார். ஒரு வருடம் கண்ணில் நீர் வடிய நின்றேன். வருத்தப்பட்டு அழுகிறான் என்று சார் நினைத்திருந்தால் அது அவர் சௌகரியம்.

5. ரிவிஷன்

ரிவிஷன் முடிவதற்குள் இரண்டாயிரமாவது ஆண்டு வந்துவிட்டது. பிளேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தது. சாலை ஒதுங்கிப் போனது, ஆனால் முழுதாக அல்ல. சந்தின் வாயிலில் ஏழு வீடுகள் போயின. ஒதுங்கிய கோட்டுக்கு அளவு கொடுத்தவன் நான் என்பதால், அந்த ஏழு வீட்டிலும் நானே போய்ச் சொன்னேன். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் டீ கொடுத்தார். டீதான் அதிகம் சுட்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே பாடம். 'வரைந்தவர்' கட்டத்தில் பெயர் போடும் முன் அந்த இடத்தில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். முதலாளிக்கு வெள்ளைத்தாள் பிடிக்கும். அது அவர் ரசனை, பெயர் உங்களுடையது.

கடைசி ஷீட்டைப் பார்க்க பாக்கியம் அக்கா வந்தார். திரையில் அவர் வீட்டைக் காட்டினேன்.

"இம்மாந்தூண்டா?"

"ஐந்நூறு அடியை ஒரு அடியாக் குறைச்சா இப்படித்தான்கா வரும்."

அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். "வாசல்ல தண்ணித் தொட்டி கட்டியிருக்கேனே, அத்தக் காணோமே?"

தொட்டியைக் காட்டச் சொல்லி எந்த விதியும் கிடையாது. எந்தப் பக்கம் என்று கேட்டு, அவர் சொன்ன இடத்தில் வரைந்தேன்.