புள்ளி நீக்கிய கடல்

புயல் என்று செய்தி வந்தால் எல்லோரும் கடற்கரையை விட்டு ஓடுவார்கள். நான் மட்டும் சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்துக் கடற்கரைக்கு ஓடுவேன். "தூறல் போட்டாலே ஒர்க் ஃப்ரம் ஹோம் கேக்குற ஆளு, புயல்ல போய் நிக்குறான் பாரு" என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். நியாயமான கிண்டல்தான்.

போன மழைக்காலத்தில் கடலூர் பக்கம் போயிருந்தேன். போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்தேன். காற்று உப்புத்தண்ணீரை லென்சில் வாரி அடித்தது. பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோனது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, படங்களில் துளி விழுந்த புள்ளிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் அழித்தேன். கடல் துப்புரவாக இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இரண்டு நாள் கழித்து, எங்கள் வீட்டில் சமைக்கும் பெண் லீவு கேட்டு வந்தாள். அவள் ஊரும் கடலூர் பக்கம்தான். புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போன தம்பி இன்னும் கரை சேரவில்லையாம். திரையில் இருந்த படத்தைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"இது எங்க ஊர்க் கடலாண்ணா? மீன்புடி போட்டு ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?"

"ஒண்ணுமே இல்லம்மா. நான் நல்லா பார்த்தேன்."

அவள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்குத்தான் உறுத்தியது. புகைப்படப் போட்டிக்கு அனுப்பினால் திருத்தாத படத்தையும் கேட்பார்கள் என்பதால், அந்த ஒரு படத்துக்கு மட்டும் மூலத்தை வைத்திருந்தேன். திறந்து பெரிதாக்கினேன். அடிவானத்தில் நான் அழித்த மூன்று புள்ளிகளில் இரண்டு துளிகள். மூன்றாவது, ஒரு படகு.

வெட்கமும் பயமுமாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"இது பெரிய போட்டுண்ணா. தம்பி போனது சின்ன ஃபைபர் போட்டு."

நான் மூச்சு விட்டேன். அவள் விடவில்லை.

"மத்த படத்துலயும் அழிச்சீங்கல்ல? அதையும் தொறந்து காட்டுங்கண்ணா."

மற்றவற்றைத் திருத்தியபடியே சேமித்துவிட்டு, மெமரி கார்டை முந்தின நாளே காலி செய்திருந்தேன். அதை அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.