மண் தலைக்கு நான் வைத்த கண்

இதை நம்புங்கள் என்று கெஞ்சப்போவதில்லை. எனக்கே என் மேல் சந்தேகம் அதிகம். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். அதனால்தான் சொல்கிறேன், அன்று நான் எதையும் தவறாகப் பார்க்கவில்லை.

மாலை வகுப்பில் டிசைன் படிக்கிறேன். போன மார்ச்சில் முதல் வேலை கிடைத்தது. ஒரு நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்துக்கு லோகோ. அதே லோகோவில் பெயர்ப்பலகை, டிக்கெட், துணிப்பை. அன்றுதான் கடைசி நாள்; மறுநாள் காலை கொடுக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

அங்கிருந்த காவல் சாமியின் சுடுமண் தலையை லோகோவாக்கினேன். முறுக்கு மீசை, பெரிய கண்கள். கண்ணில் வெள்ளை மட்டும்தான், கருவிழி இல்லை. மாலை ஆறரைக்கு, பார்வையாளர்கள் போன பிறகு, அதன் எதிரே மேசை போட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் வரைந்தேன். குருட்டு முகம் போலிருந்தது. யாரையும் கேட்காமல் இரண்டு கறுப்பு வட்டங்கள் வைத்தேன். நட்டநடுவில், அளந்துதான் வைத்தேன்.

டக்.

காய்ந்த பானை விரிகிற சத்தம். நிமிர்ந்தேன். தலை அப்படியே இருந்தது.

ஃபேன் காற்றுக்காக நாற்காலியை மட்டும் இடப்பக்கம் இழுத்துப் போட்டேன். திரையில் கருவிழிகள் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன.

கை பட்டிருக்கும். நடுவில் வைத்து, நகராதபடி கண்கள் இருந்த லேயரைப் பூட்டினேன்.

எழுந்து வலப்பக்கம் போய் நின்றேன். மவுஸைத் தொடவில்லை.

கண்கள்... வலப்பக்கம்.

டக்.

சத்தம் லேப்டாப்புக்குள்ளிருந்து வந்தது.

மூடினேன்.

அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹேமலதா அக்கா சாவிக்கொத்தோடு வந்தார்.

"என்னம்மா பெனிஷா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. முடிச்சிட்டேன்."

லோகோ கண்ணை உருட்டுகிறது என்று சொன்னால் யார் அடுத்த வேலை கொடுப்பார்கள்? காலையில் திறந்து பார்த்தேன். கண்கள் நடுவில் இருந்தன. கொடுத்துவிட்டேன்.

பலகை மாட்டிய அன்று அக்கா சிரித்தார்.

"கண்ணத் தெறந்து வுட்டுட்டியே? அதச் செஞ்சவங்களே தெறக்கல. கோயில்ல வச்சப்புறம்தான் கருவிழி எழுதுவாங்க. வாங்க வேண்டிய ஊர்க்காரங்க வரல, அப்படியே இங்க வந்துடுச்சி."

"அதுக்கு ஏதாச்சும் முறை இருக்காக்கா?"

"எதிர்ல கண்ணாடி புடிப்பாங்க. மொதப் பார்வ மனுஷங்க மேல வுழக் கூடாதாம். நீ எதிர்ல யார உக்கார வச்ச?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார்.

பலகை மேற்குப் பார்த்து மாட்டியிருந்தது. கண்கள் நேராகப் பார்த்தன. நேர் மேற்கே மூலக்குளம். என் வீடு அங்கேதான்.

ஒரு வாரம் தூங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் தோழி ஆஷ்லின் வீட்டுக்குப் போய்விட்டேன். தேங்காய்த்திட்டில். அருங்காட்சியகத்துக்குத் தெற்கே.

இன்று காலை அக்கா போன் செய்தார்.

"எப்ப வந்து பலகைய மாத்துன? நேராத்தான பாத்துக்கிட்டிருந்திச்சி. இப்பக் கண்ணு தெக்கால பாக்குது."

"நான் வரலக்கா..."

"வரலியா? அப்ப உள்ள இருக்கிற தலையத் தெக்கால திருப்பி வச்சது யாரு?"